ஆமைகளுக்கு ஒரு காஷன் ஆர்டர்



வரும் பிப்ரவரியில் நம் சங்கத்தின் குடும்பச் சுற்றுலாவை ருஷிகுல்யா முகத்துவாரத்தில் வைத்துக்கொள்ளலாம், மூன்று பஸ் பிடித்துப் போய் இரவு தங்கி, கடலாமைகள் முட்டையிடுவதைக் குழந்தைகளுக்குக் காட்டலாம் என்று ஒரு யோசனை வந்திருப்பதாக அறிந்தேன். யோசனை சொன்னவர்கள் எல்லாரும் என் நண்பர்கள்தான். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். இருந்தாலும் "வேண்டாம்" என்று சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். வெறுமனே வேண்டாம் என்றால், "ரிடையர் ஆன மனுஷன், எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறார்" என்பீர்கள். ஆகவே காரணத்தை, என் குற்றத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நான் 1982-ல் டிப்ளமாவைக் கையில் வைத்துக்கொண்டு தென்கிழக்கு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தவன். 2003-ல் எங்கள் பகுதி கிழக்குக் கடற்கரை ரயில்வே ஆயிற்று. பெயர்ப்பலகை மாறியதே தவிர, ஜல்லியும் கட்டையும் வெயிலும் மாறவில்லை. 2019-ல் ஓய்வு பெற்றேன். குர்தா ரோட்டிலிருந்து பிரம்மபூர் வரை சில்கா ஏரியை ஒட்டிப் போகும் பாதையில் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் நடந்திருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. ஆனால் அந்த நடையெல்லாம் தலையைக் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தபடி நடந்த நடை. பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இதைத்தான் என் மனைவி ஒருநாள் சுருக்கென்று கேட்டாள். "நாப்பது வருஷமா இந்த ஊர்ச் சோத்தைத் திங்கிறோம். லீவு கிடைச்சா வேதாரண்யம், இல்லேன்னா கும்பகோணம். இந்த ஊர்ல பூரி கோயிலைத் தவிர என்னங்க பார்த்திருக்கோம்?"

பதில் சொல்ல முடியவில்லை. கல்யாணமாகி நாற்பது வருஷம் முடிகிற சமயம். 2025 பிப்ரவரி நடுவில் இரண்டு பேரும் ஆளுக்கொரு தோள்பையோடு பிரம்மபூரில் இறங்கி, அங்கிருந்து 16 கிலோமீட்டரில் இருக்கும் கோபால்பூருக்குப் போய்ச் சேர்ந்தோம். திட்டம் மிகச் சாதாரணமானது. காலையில் வெயில் ஏறும்வரை கடலோரமாக நடப்பது, அறைக்குத் திரும்பிச் சாப்பிட்டுத் தூங்குவது, மாலையில் மறுபடி நடப்பது. ஆமை பார்க்கவேண்டும் என்ற எண்ணம் எங்கள் இருவருக்கும் துளிக்கூட இல்லை.

முதல் நாள் விடியற்காலை கலங்கரை விளக்கத்தைத் தாண்டித் தெற்கே நடந்தோம். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மணல்மேடும் சவுக்குத் தோப்பும். அதற்கு அப்பால் வயல் வரப்புகளில் தாழம்புதர் வேலி. கஞ்சம் ஜில்லாவின் தாழம்பூ, கேவடா என்ற பெயரில் அத்தருக்கும் பன்னீருக்குமாக நாடெங்கும் போகிறது. ஆனால் அது என் மனைவிக்கு அன்றுதான் தெரிந்தது. சின்ன வயதில் தாழம்பூ வைத்துப் பின்னிக்கொண்ட கதையைக் கால் மணி நேரம் சொன்னாள். கால் பட்ட இடத்திலெல்லாம் சின்னச் சின்ன நண்டுகள் வளைக்குள் ஓடி ஒளிந்தன.

அப்போதுதான் ஒரு நாய் எங்களோடு சேர்ந்துகொண்டது. செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியது. இவள் பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்துப் போட, அது வாலை ஆட்டிக்கொண்டு கூடவே வந்தது. "வழித்துணைக்கு ஒரு பைரவர் கிடைச்சிட்டார்" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். அரை மணி நேரம் நடந்திருப்போம். பைரவர் திடீரென்று மணல்மேட்டுப் பக்கம் ஓடி, மூக்கை வைத்து மோந்து, இரண்டு முன்னங்கால்களாலும் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தார். கிட்டே போய்ப் பார்த்தால், குழிக்குள் பிங்பாங் பந்து மாதிரி வெள்ளை வெளேரென்று முட்டைகள்! நாங்கள் என்னவென்று புரிந்துகொள்வதற்குள் நாலைந்து முட்டை அதன் வாய்க்குள் போய்விட்டது.

தூரத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து ஓடிவந்து, கையில் கிடைத்த கட்டையை வீசி நாயைத் துரத்தினார். கடற்கரையோரம் வாழும் நோலியா சமூகத்து மீனவர் அவர். இவர்களுடைய தாய்மொழி தெலுங்கு. வேலையில் கற்றுக்கொண்ட என் அரைகுறைத் தெலுங்கு அங்கே கைகொடுத்தது. குழியை மணலால் மூடி, பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, வன இலாகாக்காரரிடம் சொல்ல வேண்டும் என்றார். பிறகு இவள் கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "நீங்கள் போடுவதால்தான் நாய் இங்கே சுற்றுகிறது. நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள். நாய் இங்கேயே இருக்கும்."

என் மனைவி அந்தப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்தவள், அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை. கருணையால் செய்த காரியம்தானே, அதுவா இப்படி முடிய வேண்டும் என்பது அவள் வருத்தம்.

இரண்டாம் நாள் கண்ட காட்சி இன்னொரு விதம். அலை ஒதுக்கிய இடத்தில் ஒரு பெரிய ஆமை கிடந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, துடுப்புக் கால்களை விரித்தபடி. உடம்பில் காயம் எதுவும் தெரியவில்லை. கடலில் வாழ்ந்தாலும் ஆமைக்கு மீன் மாதிரிச் செவுள் கிடையாது, மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும். இழுவலையில் மாட்டிக்கொண்டால் மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் சாகும். அதே வருஷம் ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிய செய்தியைப் பத்திரிகையில் நாம் எல்லாரும் படித்தோம். படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினோம். செத்ததன் பக்கத்தில் நின்று பார்க்கும்போது அப்படிப் புரட்ட முடியவில்லை.

இதன் ஆங்கிலப் பெயர் ஆலிவ் ரிட்லி. எங்கள் வேதாரண்யம் பக்கம் பங்குனி ஆமை என்பார்கள். பெயர் தெரியும், ஆமையை நான் பார்த்ததில்லை. கோடியக்கரையில் 1967 முதல் வெளிமான் சரணாலயம் இருக்கிறது, அதையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. அதே வெளிமான் கஞ்சம் ஜில்லாவிலும் பேட்னாய், பாலிபதர் பக்கம் வயல்வெளிகளில் திரிகிறது. மான் வந்தால் மழை வரும் என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை. பயிரைத் தின்றாலும் யாரையும் மான்மேல் கை வைக்க விடுவதில்லை. பிறந்த ஊரிலும் பார்க்காமல், பிழைக்க வந்த ஊரிலும் பார்க்காமல் அறுபத்தைந்து வயது வந்துவிட்டது எனக்கு.

மூன்றாம் நாள்தான் நான் குற்றவாளி ஆன நாள். ருஷிகுல்யாவில் ஆமைகள் கூட்டமாக வர ஆரம்பித்திருப்பதாக விடுதியில் சொன்னார்கள். சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று ஒரு ஆட்டோவைப் பிடித்து, சத்ரபூர், கஞ்சம் வழியாக முகத்துவாரத்துக் கிராமத்துக்குப் போனோம். முட்டையிடும் இடத்தைச் சுற்றி வன இலாகா வலைவேலி கட்டியிருந்தது. நாங்கள் வேலிக்கு வெளியே, வெகுதூரம் தள்ளித்தான் நடந்தோம். பொழுது சாய்ந்து இருட்டிவிட்டது. நிலவு எழ நேரமிருந்தது. கால் இடறுமே என்று நான் டார்ச்சை எடுத்து அடித்தேன். வெள்ளை வெளிச்சம் நேரே அலையின் ஓரத்தில் விழுந்தது. அங்கே ஒரு ஆமை தண்ணீரை விட்டு மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் நின்றது. ஒரு நிமிஷம் அப்படியே இருந்தது. பிறகு மெதுவாகத் திரும்பி மறுபடி கடலுக்குள் போய்விட்டது.

இருட்டிலிருந்து ஒரு பையன் ஓடிவந்தான். வன இலாகாவுக்கு உதவியாக இரவுக் காவல் இருக்கும் உள்ளூர்ப் பையன். ஒடியாவில் மெல்லிய குரலில், "அணையுங்கள், பாபு, அணையுங்கள்" என்றான். அணைத்தேன். "வெளிச்சமே வேண்டாம். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். கட்டாயம் வேண்டுமென்றால் சிவப்பு வெளிச்சம் மட்டும்" என்றான்.

அன்பர்களே, என் கையில் இருந்தது ரயில்வே மூவர்ண டார்ச். சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றும் அதில் உண்டு. முப்பத்தேழு வருஷம் சிவப்பைக் காட்டி வண்டியை நிறுத்தத் தெரிந்தவன் நான். அன்று ஒரு ஜீவனை நிறுத்தாமல் வழிவிட அதே சிவப்பு போதுமாயிருந்தது. கட்டைவிரலை ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் முடிந்திருக்கும். தோன்றவில்லை.

"அது மறுபடி வருமா?" என்று கேட்டேன். "வரும், வேறு இடத்தில் ஏறும். ஆனால் நீங்கள் ஒருவர்தானா? ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள். நூறு பேர் கையில் நூறு போன், நூறு வெளிச்சம்" என்றான்.

அவன் சொன்ன இடத்தில் மணல்மேட்டுக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து, எங்களிடமிருந்து சற்றுத் தூரத்தில் வேறொரு ஆமை ஏறி வந்தது. பின்கால்களால், கரண்டியால் அள்ளுவது போல, மண்ணை அள்ளி அள்ளிக் குழி பறித்தது. முட்டையிட்டது. ஒரு முறைக்குச் சுமார் நூறு முட்டை இடுமாம். பிறகு குழியை மூடிவிட்டுச் செய்த வேலையைப் பார்த்து நான் அசந்துபோனேன். உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி, ஓட்டால் தட்டி, மணலை இறுக்கியது. கேங்மேன்கள் பீட்டரைப் பிடித்து, கட்டைக்கு அடியில் ஜல்லியை இறுக்கும் பேக்கிங் வேலைதான், அச்சு அசல். "பேக்கிங் சரியில்லேன்னா உங்க ஆளுங்களைத் திட்டுவீங்களே, இதுகிட்ட ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம்" என்று இவள் காதோடு சொன்னாள்.

அது கடலுக்குத் திரும்பிப் போன பிறகு அவள் இன்னொன்றும் சொன்னாள். "ஆமைகூடப் பொறந்த இடம் தேடி முட்டையிட வருதுங்கறாங்க. நாம எப்பங்க போறது?"

இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் 2019-லிருந்து இருக்கிறது. ஊரில் இருக்கும் பழைய வீட்டைப் புதுப்பித்துக்கொண்டு போவதா, புவனேஸ்வரிலேயே இருந்துவிடுவதா என்று. உங்களில் பல பேர் வீட்டிலும் இருக்கும். நான் சொன்னேன், "வருது, வாஸ்தவம். ஆனா ஒரு மணி நேரத்துல திரும்பிப் போயிடுது பார்த்தியா? பொறந்தது கரை. வாழ்றது கடல்." அவள் சிரித்தாள். ஒப்புக்கொண்டாளா என்று கேட்காதீர்கள். அந்த வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று எனக்குத் தெளிவாயிற்று. எங்கே போய்ச் சேர்வது என்பது ஒரு கேள்வி. இப்போது இருக்கும் இடத்தில் எப்படி இருப்பது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்பதற்காக இரண்டாவதைத் தள்ளிப்போட முடியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ருஷிகுல்யாவில் இப்படிக் கூட்டமாக முட்டையிடுவது ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிய வந்தது 1994-ல்தான். 2025 பிப்ரவரியில் ஏறக்குறைய 7 லட்சம் ஆமைகள் அங்கே ஏறியதாக வன இலாகாவின் கணக்கு. இவ்வளவு இருக்கிறதே, ஒரு ஆமை திரும்பிப் போனால் என்ன என்று தோன்றலாம். ஆனால் முட்டையிலிருந்து குஞ்சு வர 45 முதல் 60 நாள் ஆகிறது. அதற்குள் நாய், நரி, காக்கை. பொரித்து வெளிவரும் குஞ்சு இரவில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். மனித நடமாட்டமே இல்லாத காலத்தில் வெளிச்சம் என்றால் கடலின் மேல் தெரியும் வானவெளிச்சம்தான். இப்போதோ ஊர் விளக்கும், சாலை விளக்கும், கார் விளக்கும். குஞ்சு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரைப் பார்த்து நடக்கிறது. பொழுது விடிந்தால் வெயிலிலும் காக்கை வாயிலும் முடிகிறது. ஆயிரம் குஞ்சில் ஒன்று பிழைத்துப் பெரிதானால் பெரிது என்பார்கள்.

இதற்காக அந்த மீனவர்கள் கொடுக்கும் விலையையும் யோசிக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 1 முதல் மே 31 வரை, ருஷிகுல்யா முகத்துவாரத்தை ஒட்டி 20 கிலோமீட்டர் கடலில் மீன்பிடிக்கத் தடை. ஏழு மாதம்! அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது என்றாலும், கடலை எதிரே வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பது எளிதல்ல. அவர்களும் நம்மைப் போலத்தான், தெலுங்கு பேசிக்கொண்டு ஒடிசாவில் வாழ்கிறவர்கள். அவர்கள் ஏழு மாத வருமானத்தில் விட்டுக்கொடுக்கிறார்கள். நாம் ஒரு சனிக்கிழமை இரவை விட்டுக்கொடுக்க மாட்டோமா?

"மனிதர்கள் போய்ப் பார்த்தால்தானே அக்கறை வரும்?" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். நியாயமான கேள்வி. நான் போய்ப் பார்த்ததால்தானே இன்று எழுதுகிறேன்? போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று பஸ், நூற்றைம்பது பேர், ஒலிபெருக்கி, இரவு விருந்து, மிச்சச் சோறு என்று போகக்கூடாது என்கிறேன். அந்த மிச்சச் சோற்றுக்கு எத்தனை நாய் வரும் என்பதை என் மனைவியைக் கேளுங்கள்.

ரயில்வேயில் காஷன் ஆர்டர் என்று ஒன்று உண்டு. பாதை பலவீனமாக இருக்கும் இடத்தில் வண்டி இன்ன வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று டிரைவருக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டு. வண்டியை நிறுத்துவதற்கல்ல, பத்திரமாகப் போகவைப்பதற்குத்தான் அது. நேரம் போகிறதே என்று மேலிடத்தில் முணுமுணுப்பார்கள். நானும் ஒரு காலத்தில், காட்டு மிருகத்துக்காக வண்டியை மெதுவாக விடுவதாவது என்று பேசியவன்தான். 2012 டிசம்பர் கடைசியில் ரம்பா அருகே யானைகள் விரைவு வண்டியில் அடிபட்டுச் செத்த பிறகு அந்தப் பேச்சை விட்டேன். நாலு நிமிஷம் தாமதமானால் அடுத்த ஸ்டேஷனுக்குள் ஈடுகட்டிவிடலாம். போன உயிரை எந்த ஸ்டேஷனில் ஈடுகட்டுவது?

ஆகவே என் யோசனை இதுதான். குடும்பச் சுற்றுலாவைப் பகல் நேரத்தில் சில்காவில் வைத்துக்கொள்வோம். ரம்பாவும் சத்பதாவும் இருக்கின்றன. சத்பதாப் பக்கம் படகில் போனால், அதிர்ஷ்டம் இருந்தால் ஐராவதி டால்பின்கள் கண்ணில் படும். குழந்தைகளுக்கு அதுவே போதும். ஆமைகளிடத்தில் உண்மையாகவே ஆசை உள்ளவர்கள் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் மட்டும், வன இலாகாவின் அனுமதியோடு, உள்ளூர்ப் பையன்கள் சொல்கிறபடி போகலாம். முட்டையிடும் சமயத்தைவிட, ஏப்ரல் வாக்கில் குஞ்சு பொரிக்கும் சமயத்தில் போவது உத்தமம். வழி தவறி ஊர்ப்பக்கம் வரும் குஞ்சுகளைப் பொறுக்கிக் கடலோரம் விட அவர்களுக்குக் கைகள் தேவைப்படும். டார்ச் வேண்டாம், போன் வெளிச்சம் வேண்டாம், கொண்டுபோன உணவுப் பொட்டலத்தின் காகிதம்கூட நம்மோடு திரும்பி வரவேண்டும். சுற்றுலாவுக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை, இரவெல்லாம் கண்விழித்துக் காவல் இருக்கும் அந்தக் கிராமத்துப் பையன்களுக்குக் கொடுக்க முடியுமா என்றும் செயற்குழு பார்க்கட்டும்.

இது என் ஒருவனுடைய அபிப்பிராயம். மாற்றுக் கருத்து இருந்தால் அடுத்த இதழில் எழுதுங்கள், மகிழ்ச்சியோடு படிப்பேன். நாங்கள் இருவரும் ஏப்ரலில் மறுபடி போவதாக இருக்கிறோம். டார்ச் வீட்டில்தான் இருக்கும். பிஸ்கட்டும்தான்.